தச்சன் குருவியும் எங்கள் பட்டறையும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் 'ஏ' பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் ஒரு வாரமாக என்னைத் துரத்தினார்கள். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் எட்டுக் கவிதை பஸ் ஸ்டாப்பில்தான் தொடங்குகிறது! அதனால் நான் ஒரு பறவையைப் பற்றி எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, எங்கள் கொல்லையில் இருந்த ஒன்பது தென்னையில் ஏழு சாய்ந்துவிட்டது. மிஞ்சிய இரண்டில் ஒன்றின் தலையில் போன வருஷம் இடி விழுந்தது. மட்டையெல்லாம் கருகி உதிர்ந்து, மொட்டை மரம்தான் நின்றது. செங்கல் சூளைக்கு மரம் எடுக்கும் வியாபாரி 1,200 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். அந்தப் பணம் என் பரீட்சைக் கட்டணத்துக்கு என்று அம்மா மனசுக்குள்ளேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அப்பாவுக்கு இரும்புப் பட்டறை. அரிவாள், மண்வெட்டி, பாளைக்கத்தி அடிப்பார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை என் தலையில் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் காலை. முன்பக்கம் பட்டறையில் அப்பாவின் 'டங்... டங்...' பின்பக்கம் கொல்லையில் இருந்து 'டொக் டொக் டொக்' என்று இன்னொரு சத்தம். போய்ப் பார்த்தால், மொட்டைத் தென்னையில் ஒரு பறவை செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதுகில் தங்கம் பூசினமாதிரி மஞ்சள். தலையில் ரத்தச் சிவப்பில் கொண்டை. "அது தச்சன் குருவிடா" என்றது அப்பாயி. புத்தகத்தில் அதன் பெயர் பொன்முதுகு மரங்கொத்தி.

அன்று முதல் எனக்குப் பித்துப் பிடித்தது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்னால்தான் சிவப்பு. காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். வால் இறகு விறைப்பாக இருக்கும். அதை மரத்தில் ஊன்றி, முக்காலி போட்டமாதிரி உட்கார்ந்துகொள்ளும். நாக்கோ மிக நீளம். அதைத் தாங்கும் எலும்பு மண்டை ஓட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வளைந்து வருகிறது. எறும்பையும் புழுவையும் பொந்துக்குள் விட்டு இழுக்கத்தான் இந்த ஏற்பாடு!

படம் எடுக்க ஆசை வந்தது. போனில் எடுத்தால் மரத்தில் ஒரு மஞ்சள் பொட்டுதான் தெரிந்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணனிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றும் 250 எம்.எம். லென்ஸ் ஒன்றும் சும்மா கிடந்தன. முகூர்த்த நாளில் அவருக்கு லைட் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை கேமரா எனக்கு என்று ஒப்பந்தம். "நம்ம மா. கிருஷ்ணனே கையில கிடைச்ச பாகத்தையெல்லாம் சேர்த்து, தானே கேமரா கட்டிக்கிட்டவர்தான். உனக்கு இது போதாதா?" என்றார் அண்ணன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கிய அந்த மனிதர் (1912-1996) பற்றி அன்றுதான் எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு ஞாயிறும் தோல்வி. கிட்டே போனால் குருவி சட்டென்று மரத்தின் மறுபக்கம் நகர்ந்துவிடும். நான் சுற்றினால் அதுவும் சுற்றும். காலை வெயிலுக்கு எதிரே நின்று எடுத்ததில் வெறும் நிழல்தான் விழுந்தது. பிறகு மாட்டுக்கொட்டகையில் அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் அசையாமல் உட்காரக் கற்றேன். பொந்துப் பக்கம் பிளாஷ் போடுவதில்லை, ஏணி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பெற்றோர் பயந்து போய்விட்டால் முட்டை வீண். 1/125 நொடியில் எடுத்தால் உடம்பு தெளிவாக விழும், தலை மட்டும் கலங்கிவிடும். 1/2000-க்குப் போனபிறகுதான் அலகு நின்றது.

அந்தப் படங்களை வைத்து மார்ச் மாதம் வகுப்பில் செமினார் கொடுப்பதாக இருந்தேன். முதல் நாள் ராத்திரி வீட்டில் சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மரங்கொத்தியின் மண்டையில் ஷாக் அப்சார்பர் இருக்கிறது. பஞ்சு போன்ற எலும்பு அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது..."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"தம்பி, அடைகல்லு ஆடுனாலே அடி வீணாப் போயிடும். சம்மட்டித் தலையில ஸ்பிரிங்கு வெச்சா இரும்பு எப்புடி எறங்கும்?"

"உங்களுக்கு இதெல்லாம் என்னப்பா தெரியும்? சும்மா இருங்க!"

சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மறுநாள் செமினாருக்கு நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் நீங்களும் இருப்பீர்கள்.

நாலு நாள் கழித்து இன்னும் விவரம் தேடியபோது ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் 2022-இல் வெளியிட்டது. மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, அலகும் மண்டையும் எப்படி நகர்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். அலகு நிற்கும்போதே மண்டையும் நிற்கிறது. நடுவில் எதுவும் அதிர்ச்சியை உறிஞ்சவில்லை! உறிஞ்சினால் அடியின் வேகம் குறையும். அதே ஆழத்துக்குக் கொத்த இன்னும் ஓங்கி அடிக்க வேண்டிவரும். மண்டை ஒரு விறைப்பான சுத்தியல் போலத்தான் வேலை செய்கிறது. மூளை மிகச் சிறியது என்பதால் அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது.

எங்கள் அப்பா கையில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னது இதைத்தான். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் இம்பாக்ட் லோடு கணக்குப் போட்டு மார்க் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. அன்று தூக்கம் வரவில்லை நண்பர்களே.

காலையில் பட்டறைக்குப் போய் உலை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொன்னதுதாம்பா சரி. நான் பேசுனது தப்பு" என்றேன். அப்பா குறட்டை என் கையில் கொடுத்தார். "சரி சரி, இதைப் புடி. இரும்பு ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் மர வியாபாரி ரம்பத்தோடு வந்துவிட்டார். கட்டணம் கட்ட மூன்று நாள் பாக்கி. பொந்துக்குள் குஞ்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. எனக்கு வாய் வரவில்லை. குருவிக்காகப் பணத்தை விடச் சொல்ல நான் யார்? அப்பாதான் மேலே பார்த்துவிட்டு, "அவனும் நம்ம தொழில்காரன்தான். குஞ்சு பறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்த வாரம் விடிய விடிய உலை எரிந்தது. நாற்பது அரிவாள் அடித்துக் கட்டணத்தைக் கையில் கொடுத்தார். இரண்டு ராத்திரி நானும் சம்மட்டி பிடித்தேன். என் உள்ளங்கைக் கொப்புளம் ஆற ஒரு வாரமானது. அவருக்கு முப்பது வருஷமாக அதே வேலை.

இருபது நாள் போலக் கழித்துக் குஞ்சுகள் வெளியே வந்தன. பொந்து காலியான மறுவாரமே ஒரு மைனா ஜோடி குடிவந்துவிட்டது. மரங்கொத்தி போட்ட பொந்தில் மைனா, கிளி, ஆந்தை என்று பல பறவைகள் குடியிருக்குமாம். மரம் இன்னும் நிற்கிறது. அடுத்த காற்றுக்குத் தாங்குமோ தாங்காதோ தெரியவில்லை.

எடுத்த படங்களையெல்லாம் அப்பாவிடம் காட்டினேன். அலகு தெளிவாக விழுந்த படங்களை விட்டுவிட்டு, தலை கலங்கின படத்தில் விரலை வைத்தார். "இதுதான் நல்லாருக்கு. அடிக்கிறப்ப சுத்தியல் யார் கண்ணுக்குத் தெரியும்?" அந்தப் படம் இப்போது பட்டறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். வீட்டில் யாராவது தொழில் சொன்னால், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.