நாலு பாக்கெட்

2024 நவம்பர் 15 இரவு ஜான்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் இருந்த என்.ஐ.சி.யூ.வில் தீப்பிடித்தது. பத்துக் குழந்தைகள் அன்றிரவே இறந்தன. மறுநாள் காலை, நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேன். ஜன்னலை உடைத்துக் குழந்தைகளை வெளியே கொடுத்தார்களாம். எங்கள் வார்டு ஜன்னல்கள் ஏசிக்காக அடைத்தவை, அதுவும் இரண்டாவது மாடி. அன்று பகல் நான் தூங்கவில்லை.

கொஞ்ச நாளில் எங்களுக்கும் ட்ரில் நடந்தது. தீயணைப்புத் துறையிலிருந்து வந்தவர், சிலிண்டரின் பின்னை இழுப்பது, புகையில் குனிந்து போவது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். என்னோடு நைட் பார்க்கும் அக்கா எழுந்தார்.

"சார், ராத்திரி நாங்க ரெண்டு பேரு. குழந்தைங்க பதினாலு. யாரை மொதல்ல தூக்கணும்?"

அவர் வார்மர்களைப் பார்த்தார். "அதை உங்க டாக்டருங்கதான் சொல்லணும்."

யாரும் சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்று படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அன்று வென்டிலேட்டரில் மட்டுமே மூன்று பேர். தீ என்றால் முதலில் ஆக்சிஜன் வால்வை மூட வேண்டும், இல்லாவிட்டால் தீ பெருகும். மூடினால் அதை நம்பி மூச்சு விடுகிற குழந்தைக்கு ஆம்பு பேக் அழுத்த வேண்டும். அதற்கு ஒரு கை போய்விடும். அந்தக் கையால் இன்னொரு குழந்தையைத் தூக்க முடியாது.

அதனால் நானே மனசுக்குள் ஒரு வரிசை போட ஆரம்பித்தேன். டியூப் இல்லாத குழந்தைகள் முதலில், சிபாப் அடுத்து, வென்டிலேட்டர் கடைசி. எட்டாம் வார்மர் குழந்தை 900 கிராம். நாற்பது நாளாக நான் பார்க்கிற பையன். என் வரிசையில் அவன்தான் கடைசி. டயப்பர் மாற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

அவன் அம்மா ஒருநாள், "சிஸ்டர், இன்னைக்கு நைட்டு நீங்கதானே? அப்ப நான் தூங்குவேன்" என்றாள். தலையாட்டினேன்.

நடுவில் எங்கள் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு வைத்தார்கள். பகல் இரண்டு மணிக்கு. நைட் ஸ்டாஃப் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து மூச்சுப்பயிற்சி செய்தோம். கண்ணை மூடினால் எனக்கு மானிட்டர் அலாரம்தான் கேட்டது. வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தமும் இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறது.

மூன்றாவது நர்ஸ் கேட்டு மனு கொடுத்தோம். தீயணைப்பு சிலிண்டர் இரண்டு வந்தது.

வெளிநாடுகளில் குழந்தைகளை வைத்துத் தூக்க பாக்கெட் வைத்த ஏப்ரன் உண்டு என்று அக்கா போனில் பார்த்திருந்தார். பழைய தியேட்டர் துணியைத் தெரு டெய்லரிடம் கொடுத்து இரண்டு தைத்து வாங்கினார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பாக்கெட். ஒவ்வொன்றிலும் இரண்டு அரை லிட்டர் சலைன் பாட்டில் போட்டு, ஒரு விடியற்காலை அக்கா மாடிப்படி இறங்கிப் பார்த்தார். நான் மேலேயிருந்து நேரம் பார்த்தேன்.

"எவ்ளோ ஆச்சு?"

"நாப்பது செகண்டுக்கா."

"சரி. ரெண்டு பேருக்கு எட்டு ஆச்சு," என்று மூச்சு வாங்கிக்கொண்டே படியில் உட்கார்ந்தார். "மீதி ஆறுக்கு என்ன பண்ணலாம், சொல்லு."

உள்ளே எட்டாம் வார்மர் அலாரம் அடித்தது. போனேன்.