தொட்டியில் படர்ந்த பாசி

எங்கள் இல்லத்தில் உப்புநீர் மீன்தொட்டி அமைத்து 3 மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் வாரத்தில் மணல்மீது பழுப்புப் பாசி படிந்தது. மீன்களை விட்ட பின்னர்ப் பாறைகளில் பச்சை இழைப்பாசி முடிபோல் வளர்ந்தது. பாசிக்கொல்லி ஊற்றலாம் என்றான் மூத்த மகன். செம்பு கலந்த மருந்து நத்தைகளையும் இறால்களையும் சேர்த்தே கொல்லும் என்று கூறி மறுத்தேன். நாம் அடைத்து வைத்த உயிர்கள் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

பழுப்புப் பாசி நீரிலுள்ள சிலிகேட்டைக் கொண்டு வளர்வது. அது குறைந்ததும் பெரும்பாலும் தானே மறையும். பச்சைப் பாசிக்கு உரம், மீன்கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். அந்த உரத்தைக் குறைப்பதே வழி.

ஆகவே, குழாய்நீரைத் தவிர்த்து ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைத்தோம். மீன்கள் 2 நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே தீனி இட்டோம். விளக்கை நாளுக்கு 8 மணி நேரமாகக் குறைத்தோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, இழைகளைக் கையால் களைந்தோம்.

பழுப்பு நீங்கிவிட்டது, பச்சை இன்னும் சில பாறைகளில் எஞ்சியுள்ளது. ஆயினும் நத்தை ஒன்றும் மடியவில்லை. அளவுக்கு மிஞ்சிய தீனியே பாசியாகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். வீண்விரயம் குறித்து நான் நடத்திய பாடங்களைவிட இது அவர்கள் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது.