இருபத்தைந்து என்னும் எல்லை

பல்லவ நரசிம்மவர்மனின் படையும் சாளுக்கியப் புலிகேசியின் படையும் 7ஆம் நூற்றாண்டில் பொருதிய களம் நமது மணிமங்கலம். இன்று இவ்வூரின் அமைதியைக் குலைப்பவை லாரிகளே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் கனரக வண்டிகளுக்கு வழிவிட்டு, சைக்கிளில் செல்வோர் குண்டும் குழியுமான சாலையோரத்தில் ஒதுங்க வேண்டியுள்ளது. இல்லங்களைச் சந்திக்க இவ்வழியே செல்லும் நாம், ஐம்பதைக் கடந்த முழங்கால்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, மூன்று ஆண்டுகளாகப் பேட்டரி சைக்கிள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறோம்.

அதுவும் மலைச் சைக்கிள் வகையைச் சேர்ந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் வட்டாரத்து இளைஞர்கள் மலைச்சரிவுகளில் ஓட்டுவதற்கென உருவாக்கிய வகை இது. மலையே இல்லாத ஊரில் இது எதற்கு என்று வினவுவோர், ஐப்பசி மழைக்குப் பின் நம் சாலைகளை ஒருமுறை காண்பார்களாக! தடித்த டயரும் முன்புற ஷாக் அப்சார்பரும் எதற்கு என்பது அப்போது விளங்கும்.

செலவு அதிகமோ என அஞ்ச வேண்டாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. ஆனால் பேட்டரி வெப்பத்துக்குப் பகை. வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல், அது ஆறும்வரை பொறுத்தல் நன்று. தகரக் கூரையின் கீழோ அடுப்பருகிலோ வைத்தலும், வீட்டார் உறங்கும் வேளையில் சார்ஜில் விடுதலும் கூடா. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துக. சில ஆண்டுகளில் பேட்டரியின் வலு குன்றும். புதியது வாங்க மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வருதல் குடும்பத்தலைவருக்கு அழகு. மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால் செயின் விரைவில் தேயும். எடை கூடுதலாதலால் பிரேக் கட்டைகளும் அவ்வாறே. செயினைத் துடைத்து எண்ணெயிடுதலும், பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா எனச் சோதித்தலும் நமது சனிக்கிழமை வேலைகள்.

இவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம், “சாமி, இதன் வேகத்தைக் கூட்டித் தர ஆள் இருக்கிறார். 25 கிலோமீட்டர் வேகம் 35 ஆகிவிடும். ஷிப்டுக்குச் சீக்கிரம் போய்விடலாம்” என்றார். அவரோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். அவர் செல்லும் 12 கிலோமீட்டர் தொலைவுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 8 நிமிடங்களே. ஆனால் வேகம் 25இலிருந்து 35 ஆனால், மோதலின் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகிறது. அவ்வேகத்துக்கென அந்தப் பிரேக்கும் அமைக்கப்படவில்லை; சட்டகமும் அமைக்கப்படவில்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள இத்தகைய சைக்கிளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. எல்லை மீறி மாற்றப்பட்டால் அச்சலுகை போய்விடும். பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாக அது கருதப்படும். விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்கான இழப்பீட்டுச் சுமை அந்தக் குடும்பத்தின் தலைமேல் விழக்கூடும்.

அவ்விளைஞர் மறுமொழி ஏதும் கூறாது சென்றார். எனினும் அடுத்த வாரம் அவருடைய தாயார் நம்மைக் கண்டு, “எட்டு நிமிஷம் முன்னாடியே எழுப்பிவிடுறேன் சாமி” என்றார். பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய சைக்கிள் இருக்குமாயின், அதன் வேகம் மாற்றப்பட்டுள்ளதா என இன்றே கேட்டறியுங்கள். மாற்றப்பட்டிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். பின்புறம் ஒரு சிவப்பு விளக்கும் பொருத்திக் கொடுங்கள். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பிள்ளை லாரி ஓட்டுநரின் கண்ணில் படவேண்டும் அல்லவா?