படகின் மெருகு

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பெண்ணிடம் போய், "இந்த மெருகு எங்கிருந்து வருகிறது அம்மா?" என்று கேட்டால் சிரிப்பாள். மெருகு விளக்கிலேயே இருக்கிறது. மேலே படிந்த களிம்பைப் போக்கினால் போதும். பைபர் படகுக்கும் கதை இதுவேதான். ஒரே ஒரு வித்தியாசம்: பித்தளை உள்ளே போகப் போகப் பித்தளை. படகிலோ, மெருகு ஏறக் கூடியது மேலே ஒரு நகத்தின் கனம் மட்டும். அதற்குக் கீழே வேறு சரக்கு.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரக் கிராமம் ஒன்றில், இதை ஒரு மனிதர் எனக்குச் செய்து காட்டினார். அந்தக் கரையில் இப்போது கட்டுமரம் அபூர்வம். இங்கிலீஷ்காரனுக்குச் சொல்லைக் கடன் கொடுத்த கட்டுமரம், சொந்த ஊரில் தென்னை மர நிழலில் கிடந்து கறையான் தின்கிறது. 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் வந்து போன பிறகு நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அதற்கு முன்பே மெல்ல மெல்ல வந்து கொண்டிருந்தவைதாம். அந்தப் பேரழிவு அவற்றைக் கரை முழுக்கப் பரப்பி விட்டது. நீலமும் சிவப்பும் பச்சையுமாக அவை வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். கிட்டே போய்த் தொட்டுப் பாருங்கள். விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும்.

அந்தச் சுண்ணாம்பின் வரலாறு சுவாரசியமானது. பைபர் படகை உள்ளிருந்து வெளியே கட்டுவதில்லை. வெளியிலிருந்து உள்ளே கட்டுகிறார்கள். முதலில் ஓர் அச்சு. அதன் உட்புறத்தை முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து, மெழுகு பூசி வைத்துக் கொள்கிறார்கள். அதன் மேல் வர்ணம் கலந்த ஒரு பிசின். 'ஜெல்கோட்' என்று பெயர். சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அது இறுகியதும் கண்ணாடி நாரை விரித்துப் பிசினில் தோய்த்து, அடுக்கு அடுக்காக ஒட்டுகிறார்கள். கடைசியில் அச்சிலிருந்து கழற்றினால், அச்சின் பளபளப்பு அப்படியே படகின் மேல் வந்து விடுகிறது. புதுப் படகின் அழகு இரவல் அழகு என்று சொன்னால் தப்பில்லை.

அப்புறம் வெயில். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும், காற்றின் பிராணவாயுவும் சேர்ந்து அந்தப் பிசினின் மேற்பரப்பைத் துளித் துளியாக உடைக்கின்றன. பிடிப்பு விட்ட வர்ணம் பொடியாக உதிர்கிறது. வழவழவென்றிருந்த இடம் மேடும் பள்ளமுமாகி விடுகிறது. அதில் விழுகிற வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. நம் கண்ணுக்கு அதுதான் வெளுப்பு. ஈரமானால் தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி விடுவதால், கடலிலிருந்து கரையேறும் படகு மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கும். காய்ந்த அரை மணியில் பழைய கிழவன்.

நான் சொன்ன மனிதருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். முழங்கால் போய் விட்டது. இனிமேல் கடலுக்கு ஆகாது என்று படகை விற்க முடிவு செய்திருந்தார். விற்று வருகிற பணத்தில் பாதி கடனுக்கு. மீதி, நர்ஸ் படிப்புப் படிக்கிற மகளின் கடைசி வருஷத்துக்கு. அவருடைய தம்பியும் அந்தப் படகில் பங்காளி.

தம்பியின் யோசனை சுலபமானது. "ரெண்டு டப்பா பெயிண்டு அடிச்சா முடிஞ்சுதண்ணே. இல்லேன்னா தேங்காயெண்ணெயைத் துணியில தொட்டுத் துடைச்சு விடுவோம். வாங்குறவன் ஒரு மணி நேரம் பாக்கப் போறான். ஒரு மணி நேரம் மின்னினாப் போதாதா?"

நம் கரையில் வழக்கமும் பெயிண்டுதான். அண்ணன் ஒப்பவில்லை. அவர் எட்டு வருஷம் துபாயில் ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பணக்காரர்களுடைய உல்லாசப் படகுகளைத் தேய்த்து மெருகேற்றுவதுதான் உத்தியோகம். வருஷத்தில் பத்து நாள் கூடக் கடலைப் பார்க்காத படகுகளாம் அவை. "அதையெல்லாம் தேச்சேன். எனக்குச் சோறு போட்டதைத் தேய்க்க மாட்டேனா?" என்றார். பிறகு, தம்பிக்குக் கேட்கட்டும் என்றே என்னிடம், "பெயிண்டு அடிச்சா உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது சார்" என்றார்.

வேலை மூன்று நாள் நடந்தது. நான் ஒரு தென்னையடியில் உட்கார்ந்து கொண்டேன். எழுத்தாளனுக்கு இது ஒரு சௌகரியம். பிறர் உழைப்பதைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தாலும் அவனும் ஏதோ வேலை செய்வதாக உலகம் நினைத்துக் கொள்கிறது.

முதல் நாள் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உப்பைக் கழுவினார். அடுத்து, ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பிங் காம்பவுண்டு தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எடுத்த எடுப்பில் முரட்டுத் தாளைத் தூக்குவது மூடத்தனமாம். மிருதுவான வைத்தியத்தில் தீராவிட்டால்தான் அடுத்தது. தீரவில்லை. எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து எடுத்தார். பிறகு ஆயிரம், பிறகு ஆயிரத்து இருநூறு. நம்பர் ஏற ஏறத் தாள் நயமாகும். ஒவ்வொரு தாளும் முந்தின தாள் போட்ட கீறலை அழிக்க வேண்டும். தானும் ஒரு கீறல் போடும், ஆனால் இன்னும் சிறிது. நாவலைத் திருத்தி எழுதுகிறவர்களுக்கு இந்த உபத்திரவம் புரியும்.

தாளின் அடியிலிருந்து தண்ணீர் நீலமாக வழிந்து மணலில் இறங்கிற்று. அதையே கவனித்துக் கொண்டிருந்தார். விளிம்புகளில் கை தானாக லேசாயிற்று. அங்கே ஜெல்கோட் மெல்லிசு, அஜாக்கிரதையாக இருந்தால் கண்ணாடி நார் வெளியே தெரிந்து விடும். தெரிந்தால் அப்புறம் எந்த மெருகும் பலிக்காது. தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கும்.

இரண்டாம் நாள், இன்ஜின் உட்காரும் பின்புறத்தில், வெளுப்புப் போன இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல்கள் தெரிந்தன. இரண்டு இடம். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டினார். ஓர் இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்ற சத்தம்: தோலோடு போன விரிசல். இன்னோர் இடத்தில் ஓட்டைப் பானை மாதிரி 'பொத்'தென்று. உள்ளே அடுக்குகள் விட்டுப் போயிருக்கின்றன. தம்பி முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

"அண்ணே, இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடா. நாளைக்கு வாங்குறவன் தன் பையனை அழைச்சிக்கிட்டுப் போவான். பத்து மைலுக்கு அங்கிட்டு இது பிளந்துச்சுன்னா?"

தம்பி என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார். கடன்காரன் வாசல்ல நிக்கிறான்" என்றார். அதுவும் பொய்யில்லை. நான் அண்ணன் பக்கம் என்றேன். "உங்களுக்கென்ன சார், சொல்லுவீங்க" என்று அவர் சொன்னது நியாயமான பதில்.

பழுதான இடத்தைச் சுரண்டி எடுத்து, நாரும் பிசினுமாக மூன்று அடுக்கு வைத்து, மேலே புது ஜெல்கோட் பூசினார் அண்ணன். காற்றுப் பட்டால் அது மேலே பிசுபிசுத்தே நிற்குமாம். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டி வைத்தார். மெழுகு பூசுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்து விட வேண்டும். மெழுகு ஏறிய இடத்தில் பிசின் பிடிக்காது.

மூன்றாம் நாள் நிழலில் நிறுத்திக் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, மெழுகு பூசினார்கள். தம்பியும் கூட நின்று தேய்த்தார்; முகம் மட்டும் தெளியவில்லை. மாலையில் பார்த்தால் படகின் பக்கவாட்டில் மணலும் தென்னையும் நாங்களும் தெரிந்தோம். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் புது நீலமாக, பழைய நீலத்தோடு சேராமல், நெற்றிப் பொட்டு மாதிரி நின்றது. பெயிண்டு அடித்திருந்தால் மறைந்திருக்கும். தேய்த்ததால் கூடுதலாகத் தெரிந்தது.

வாங்க வந்தவர் காரைக்கால் பக்கத்துக்காரர். முதலில் அந்தப் பொட்டில்தான் கை வைத்தார். அண்ணன் இருந்ததைச் சொன்னார். நாணயத்தையும் அவர் கையில் கொடுத்தார். மனிதர் படகைச் சுற்றி வந்து ஒரு சாண் விடாமல் தட்டினார். கேட்ட விலையில் ஆறாயிரம் குறைத்தார். தம்பி எழுந்து போய் விட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்திருந்து விட்டுச் சம்மதித்தார்.

பணத்தை எண்ணிக் கொடுத்து விட்டு வந்தவர் கேட்டார்: "மெழுகு எத்தனை மாசத்துக்கு ஒரு தரம் போடணும்ண்ணே?"

"மூணு மாசத்துக்கு ஒரு தரம் போடுங்க தம்பி. தினம் நல்ல தண்ணியில கழுவுங்க. கரையில கிடக்கையில மேலே ஒரு கீத்து போட்டு வைங்க. வாட்டர் பேப்பரை மட்டும் தொடாதீங்க. அதுக்கு இனிமே இதுல இடம் கிடையாது."