தைத்துக் கட்டும் படகு

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் எந்தப் பிளைவுட் கடையில் கேட்டாலும் பலகை எட்டுக்கு நாலு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் வாங்கிப்போகும் அந்த அளவுதான் எத்தனையோ சிறு பாய்மரப் படகுகளின் நீளத்தை முடிவு செய்தது. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வரைந்த ‘ஆப்டிமிஸ்ட்’ எட்டடிக்குச் சற்றுக் குறைவு. பலகை அதற்கு மேல் நீளவில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரம் பழகும் பிள்ளைகள் இன்றும் அந்தப் படகில்தான் ஏறுகிறார்கள்.

கையில் அதிகக் காசில்லாமல் சொந்தப் படகு கட்ட நினைப்பவருக்கு இன்னும் பெரிய உதவி 1963-இல் வந்தது. லண்டன் ‘டெய்லி மிரர்’ பத்திரிகையின் ஆதரவில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் உருவாக்கிய ‘மிரர்’ படகு, கனத்த அடிக்கட்டையையும் விலாச் சட்டங்களையும் பெரும்பாலும் தேவையற்றதாக்கியது. பலகைகளை வரைந்தபடி வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து இழுத்தால் படகின் வடிவம் எழுந்துவிடும். மூட்டில் கண்ணாடியிழை நாடா வைத்துப் பிசின் பூசினால் இறுகிவிடும். வீட்டுக் கொட்டகைகளில் பிறந்த இந்த வகை எழுபதாயிரம் படகுகளைத் தாண்டியது.

தைத்துக் கட்டுவது சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லை, விலாச் சட்டம் இல்லை. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினால் விறைப்பான படகு பிளந்துவிடும், இது நெளிந்து கொடுக்கும். செம்புக் கம்பி வடிவம் தந்ததோடு சரி; இங்கே கயிறு கடைசிவரை படகைத் தாங்கியது.

பழைய கரையும் புதிய தையலும் சந்தித்த இடம் குமரி மாவட்டத்து முட்டம். கட்டுமரத்துக்கான எடை குறைந்த மரங்கள் அரிதாகி விலை ஏறியபோது, 1980-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தவரான பியர் ஜில்லேயும் பிரிட்டன் பொறியாளர் எட்வின் கிஃபோர்டும் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து, தைத்து ஒட்டும் முறையில் பிளைவுட் படகுகளைக் கட்டினார்கள். ஜில்லே அந்த அனுபவத்தை 1985-இல் நூலாக்கினார்; சிறியது என்பதால் எளிதாகிவிடாது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறகு பிளைவுட் படகு கட்டும் தளங்களை நடத்தியது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வெல்டிங்கும் மோல்டிங்கும் கைவந்தவர்களுக்கு இந்த வேலை கடினமாக இராது. முதல் செலவு அட்டைக்கு: அடிக்கு ஓர் அங்குலம் என்று மாதிரி செய்து, பலகைகள் வளைந்து சேர்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்தது எடைக் கணக்கு. படகு 60 கிலோ, இரண்டு ஆள் 130, சாமான் 10 என்றால் படகு 200 லிட்டர் தண்ணீரை விலக்கும். அவ்வளவு அமிழ்ந்த பிறகும் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதே கேள்வி. பாய் இழுக்கும் இடமும் நடுப்பலகை நீரைத் தாங்கும் இடமும் பொருந்தாவிட்டால் சுக்கானோடு ஓயாத மல்லுக்கட்டுதான். மிச்சம் பிடிக்கப் பாய்க்குத் தார்ப்பாயும், பாய்மரத்துக்கு நல்ல மூங்கிலும் போதும். ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட்டிலும் பிசினிலும் மட்டும் கைச்சிக்கனம் கூடாது.

வெள்ளோட்டத்துக்குப் பழவேற்காடு ஏரி. பல இடங்களில் ஆழம் இடுப்பளவே என்பதால் நடுப்பலகையும் சுக்கானும் தூக்கும்படி இருக்க வேண்டும். ஆனால் அது சும்மா கிடக்கும் தண்ணீர் அல்ல. வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் அங்குள்ள மீனவ ஊர்களில் உண்டு. புதிய படகோடு போகிறவர் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைகளில் நிவாரணமாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். பாய் விரித்துத் தொழில் செய்வது குறைந்துவிட்டது. என்றாலும் பாய் பிடித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கொண்டல் எந்நேரம் எழும், எந்தப் பக்கம் இன்று வலை நிற்கிறது, முகத்துவாரத்தின் இழுப்பு எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாயை ஏற்றலாம்.