பை கட்டும் பக்குவம்

அரிட்டாபட்டி மலைக்குப் போகிறோம் என்று பிள்ளைகள் வந்து நின்றால், வழி சொல்லும் முன் பையைக் காட்டச் சொல்வேன். மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவு. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அரசு அறிவித்த இடம். குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, மேலே வட்டமிடும் வல்லூறுகள் என்று பார்க்க நிறைய உண்டு; ஒதுங்க நிழல்தான் குறைவு. வெயில் காலத்தில் காலை பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும்.

அப்படி ஒருமுறை வந்த இளைஞன் பாட்டுப்பெட்டி, மடக்கு நாற்காலி, மாற்றுச் சட்டைகள் என்று முதுகு கொள்ளாமல் சுமந்து வந்தான். தண்ணீர் மட்டும் அரை லிட்டர். உச்சிவேளைக்குள் அவன் பையைப் பிறர் தூக்க வேண்டியதாயிற்று. வீட்டைக் கட்டிக்கொண்டு போனால் மலை கிடைக்காது, பிள்ளைகளே. ஒரு பகல் வெயிலையும் வியர்வையையும் தாங்க உடம்பு பழகட்டும். தாகத்தை மட்டும் அப்படிச் சோதிக்கக் கூடாது.

ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும். உப்பும் சர்க்கரையும் சிறு பொட்டலமாக இருக்கட்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அளவு மிஞ்சினால் மருந்தே கெடுதலாகும்.

சோற்றில் எனக்குப் பிடிவாதம் உண்டு: புளியோதரைதான். புளியும் நல்லெண்ணெயும் அதை மதியம் வரை காக்கும். தயிர்சாதம் கேட்கும் பிள்ளைக்குப் பால் ஊற்றிப் பிசைந்து, பேருக்குக் கொஞ்சம் தயிர் சேர்த்துக் கட்டுங்கள். உண்ணும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும்.

என்னோடு நடந்த ஆசிரியை ஒருவர் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாகச் சுமப்பார். அதை அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வழியில் தவித்து வரும் எவருக்காவது அது போய்விடும். இறங்கும்போது அவர் தோளும் வலிக்கத்தான் செய்தது. அடுத்த முறையும் அந்தப் பாட்டில் பையில் இருந்தது. வலிமை என்று நான் மதிப்பது அதைத்தான்.

துண்டு, டார்ச், குப்பை திரும்பக் கொண்டுவர ஓர் உறை. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கோடைக் காட்டில் ஒரு பொறி போதும்.

பிளேடும் வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் பழைய பிழைகள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அதற்காகவேனும் பாட்டுக் கேட்டே கைப்பேசியின் சார்ஜைத் தீர்த்துவிடாதீர்கள். எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.