பிறந்த ஊர் தேடும் புல்லட்

டில்லிக்குச் செல்வோர் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் கண்டு, சாந்தினி சௌக்கிலே இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். கரோல் பாக் என்னும் கடைத்தெருவுக்குப் போகிறவர்களோ பெரும்பாலும் துணிமணி வாங்கவே போகிறார்கள். நாமும் வீட்டிலிருந்து எழுதித் தந்த பட்டியலோடுதான் போனோம். அங்கே மெட்ரோ ரயிற் பாதையின் அருகே 108 அடி உயர ஆஞ்சநேயர் சிலையொன்று நிற்கிறது. வழி தவறியவர்க்கு அதுவே அடையாளம். அவரை வணங்கிவிட்டுச் சில தெருக்கள் நடந்தால் காட்சி முற்றாக மாறிவிடும். சேலைகள் மறைய, மோட்டார்ச் சைக்கிள்கள் தோன்றும். ஒருவர் இருக்கைக்குத் தோல் தைப்பார். ஒருவர் பெற்றோல் தாங்கியிலே மெல்லிய தூரிகையாற் பொற்கோடு இழுப்பார். சிறுவனொருவன் எண்ணெய்க் கையோடு தேநீர் சுமந்து ஓடுவான்.

இத்தெருக்களிலே வெள்ளைக்காரர் பலரைக் காணலாம். மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் மலைப்பாதையிலே ஓட்டுவதற்காகப் பழைய புல்லட் ஒன்றை வாங்க வந்தவர்கள் அவர்கள். பயணம் முடிந்ததும் அதனை விற்றுவிட்டுப் போகிறவர்களே அதிகம். சிலருக்கு மட்டும் மனம் வருவதில்லை. எவ்வளவு செலவானாலும் தம் நாட்டுக்கே கொண்டுசெல்ல விரும்புகிறார்கள். அவர்களுள்ளும் ஆங்கிலேயர் அதனை வாங்கிச் செல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வண்டியின் பூர்விகமே இங்கிலாந்துதான்.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர்ப் பகுதியில் றெடிச் என்றொரு நகர் உளது. தையலூசிக்குப் பெயர்பெற்ற ஊர். ஊசி செய்துவந்த ஒரு தொழிலகத்தின் வழியிலேயே சைக்கிளும், 1901இல் மோட்டார்ச் சைக்கிளும் பிறந்தன. என்பீல்ட் என்னுமிடத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்ததால் 'றோயல் என்பீல்ட்' என்ற பெயர் வந்தது. 1932இல் 'புல்லட்' வந்தது. துப்பாக்கிக்குத் தகுந்த குண்டு! இந்தியப் படையினர் எல்லைக் காவலுக்கு இவ்வண்டியை விரும்பவே, 1955இல் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனத்தோடு கூட்டு ஏற்பட்டுச் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தியாகராசர் கோயிலாலும் பட்டினத்தார் சமாதியாலும் நாம் அறிந்த அதே ஒற்றியூர்தான். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பொருத்தினார்கள். பின்னர் எல்லாவற்றையும் அங்கேயே செய்தார்கள். 1967இல் றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்வீடு பூட்டப்பட, ஒற்றியூரோ நில்லாது நடந்தது. 1977இல் ஒற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

நாம் போன அன்று ஒரு கடையிலே, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆங்கிலேய அம்மையார் ஒருவர் இரண்டு வண்டிகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தோம். தம் தந்தையார் றெடிச் தொழிற்சாலையிலே இயந்திரம் பொருத்தியவர் என்றும், அதனை மூடிய நாள்வரை அங்கிருந்தார் என்றும் சொன்னார். இப்போது அவருக்கு எண்பத்தேழு வயது. "அவர் கண் தெரியும்போதே ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தவேண்டும்" என்றார்.

முதல் வண்டி கருநிறம்; பொற்கோடுகளோடு மணப்பெண் போல் நின்றது. மற்றது 1988ஆம் ஆண்டினது. தாங்கியில் நெளிவு, மட்காப்பில் துரு. கடைக்காரரிடம் சம்பளத்துக்கு நின்ற முதிய சீக்கிய மெக்கானிக் இரண்டையும் இயக்கிக் காட்டினார். பழைய புல்லட்டை இயக்குவது ஒரு கலை. இடது காலால் மாற்றும் கியரை அதில் வலக்காலால் மாற்றவேண்டும். உதைக்குமுன் மின்னோட்டமானியின் முள் நடுவில் வரும்வரை மெதுவாக மிதித்து, சிறு நெம்புகோலை அழுத்திச் சிலிண்டரின் அமுக்கத்தை விடுவித்து, பிஸ்டனைச் சற்றே தாண்டச்செய்து, பின்பே முழுப்பலத்தோடு உதைக்கவேண்டும். அவசரக்காரனின் கணுக்காலை அது திருப்பி உதைத்துவிடும். தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்களைச் சிறுவயதிற் கண்ட நமக்கு அந்தப் பொறுமை புதிதன்று. இதைச் சொன்னதும் முதியவர் நம்மை நெருங்கி, "வாருங்கள் மாஸ்டர்ஜி" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார்.

அம்மையார் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சட்டத்திற் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டார். அழகிய வண்டியின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொருந்தவில்லை. கடைக்காரர் சிரித்து, "எழுத்தரின் பிழை, இதற்கெல்லாம் வழி உண்டு" என்றார். முதியவர் ஒன்றும் பேசவில்லை. எண்ணின்மேல் விரலை வைத்து ஒருமுறை தடவினார். பிறகு அம்மையாரின் விரலையும் அவ்விடத்திலே வைக்கச்செய்தார். அரத்தால் உராய்ந்த தழும்பு அங்கே இருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, பிழைப்பு அவர் கையிலிருக்க, அந்தக் கிழவர் அதைச் செய்தார்.

அம்மையார் நெடுநேரம் நின்றார். கருநிற வண்டியை அப்போதே கொண்டுபோகலாம். நெளிந்த வண்டிக்கோ பெயர் மாற்றத்துக்கு வாரக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். விமானச் சீட்டோ அடுத்த கிழமைக்கு. ஈற்றில் நெளிந்ததையே தெரிந்தார்.

பழைய வண்டியில் இயந்திரத்தை விடக் காகிதமே முக்கியம் என்பதை அன்று கண்டோம். விற்பவரும் வாங்குபவரும் 29, 30ஆம் எண் படிவங்களிற் கையொப்பமிடவேண்டும்; வேறு மாநிலப் பதிவாயின் ஆட்சேபனையில்லை என்ற சான்று வேண்டும். டில்லிப் பகுதியிலே 15 ஆண்டு கடந்த பெற்றோல் வண்டிகள் ஓடலாகாது என்ற கட்டளையை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2018இற் பணித்தது. அதுபற்றிய வழக்காடல் பின்னரும் தொடர்ந்தது. ஆதலின் எந்த மாநிலப் பதிவு, எந்த ஆண்டு என்பவற்றை முதலிலேயே கேட்கவேண்டும். ஊருக்குள் ஓட்ட முன்னைய சொந்தக்காரரின் கடிதம் போதுமெனச் சிலர் சொல்வதுண்டு. கடல் கடக்க அது போதாது.

வீடு செல்ல இரு வழிகள். ஒன்று தரைவழி: வாகா எல்லை கடந்து பாகிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பா. இதற்குக் 'கார்னே' எனப்படும் ஆவணம் வேண்டும். வண்டிக்கு அது கடவுச்சீட்டுப் போன்றது. வண்டியை இடையிலுள்ள நாடுகளில் விற்றுவிடமாட்டோம் என்பதற்கு மோட்டார்ச் சங்கமொன்று பிணை நிற்கும். ஆயினும் 2025 ஏப்ரலில் அட்டாரி-வாகா எல்லையை இந்தியா மூடியபோது அவ்வழி அடைபட்டது. மற்றது கடல்வழி. பெற்றோலை வடித்து, பற்றரியைக் கழற்றி, சேற்றைக் கழுவி, மரப்பெட்டியில் அடைக்கவேண்டும். கூலி பெட்டியின் பருமனைப் பொறுத்ததாதலின் முன்சில்லையும் கைபிடியையும் கழற்றிப் பெட்டியைச் சிறிதாக்குவார்கள். இங்கிலாந்தில் இறங்கிய 14 நாளுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அதன் பின்பே அந்நாட்டு இலக்கத்தகடு கிடைக்கும்.

ஐந்து மாதங்களின் பின் அம்மையாரிடமிருந்து ஒரு படமும் நான்கு வரியும் வந்தன. கிழவர் நாற்காலியிலிருந்து இயந்திரத்தின் மூடியைத் தடவிக்கொண்டிருக்கிறார். தாங்கியின் நெளிவு அப்படியே இருக்கிறது. "இது எங்கள் கைவேலையில்லை, ஆனால் நல்ல கைவேலை" என்று அவர் சொன்னாராம். ஒற்றியூர்த் தொழிலாளிக்கு றெடிச் தொழிலாளி எழுதிக்கொடுத்த நற்சான்று அது.

பிறநாட்டிலே பொருள் வாங்கும் காலம் நம் மாணவர் பலருக்கும் வரும். பளபளப்பைப் பிறகு பார்க்கலாம். முதலிலே எண்ணைப் பாருங்கள். அதனை வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவர் அக்கம்பக்கத்தில் இருப்பாராயின், அவர் விரல் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள்.